ஒரு சாண் குறைந்த தொட்டி

சனிக்கிழமை காலையில் நான் முதலில் கையில் எடுப்பது வெள்ளைப் பேசின். செத்த குஞ்சுகளை அதில் விட்டுத்தான் எண்ணுவேன்.

கொடுவா மீனின் குஞ்சு, பொரித்து ஒரு வாரமானாலும் அரிசிக் குருணையளவு இருக்காது. உயிரோடு இருக்கும்போது தண்ணீரின் நிறம்தான் அதன் நிறம். கண்கள் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளிகளாக நகரும். செத்ததும் வெள்ளையாகி அடியில் படியும். உயிருள்ளதை எண்ணுவது கடினம், செத்ததை எண்ணுவது எளிது. மெல்லிய குழாயால் அடித்தண்ணீரை உறிஞ்சிப் பேசினில் இறக்கி, எண்ணி, கொப்பியில் எழுதுவேன்.

முதல் தொகுதிக் குஞ்சுகள் வளர்ந்த நாட்களில் கொப்பியைப் புரட்டினால் ஒரே மாதிரி இருந்தது. ஞாயிறு, சில. திங்கள், சில. செவ்வாய், புதன், வியாழன், அதே சில. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. சனிக்கிழமை, பேசினின் அடி தெரியாத அளவுக்கு வெள்ளை. ஒரு வாரம் இப்படி இருந்தால் தற்செயல். அடுத்த வாரமும் அதே சனிக்கிழமை அதே வெள்ளை.

நோய்க்குக் கிழமை தெரியாது. இதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டேன். நோய்க்குத் தெரியாதென்றால், கிழமை தெரிந்த யாரோ இதில் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த வரியை எழுதிய நாளிலிருந்து பண்ணையில் ஒருவரையும் நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒருவரையும் என்றாலும் அங்கே என்னைத் தவிர இரண்டே பேர்தான்.

எங்கள் பண்ணை கல்முனைக்கும் மருதமுனைக்கும் நடுவில், கடற்கரை மணலில் போட்ட இரண்டு தகரக் கொட்டகைகள். முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்போம். சீமெந்து, கம்பி, ஓடு என்று கடை வைத்து உழைத்தவர். எங்கேயோ வெளிநாட்டில் மீன் குஞ்சு வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் செய்யலாம் என்று நம்பினார். கருக்கட்டிய முட்டைகள் ஒட்சிசன் அடைத்த பைகளில் வான் வண்டியில் வந்து சேரும். நாங்கள் பொரிக்க வைத்து, ஏறத்தாழ நான்கு கிழமை வளர்த்து, கடலோரக் களப்பில் கூடு போட்டு மீன் வளர்ப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நான் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதைத்தான் படித்தேன். அதனால் என்னை எடுத்தார்.

மற்ற இரண்டு பேரில் ஒருவர் அக்கா. பாண்டிருப்பிலிருந்து நடந்து வருவார். வீட்டில் வயல் வேலை, இங்கே தீனி வேலை. குஞ்சுகள் முதலில் தின்பது ரொட்டிபர் என்ற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஓர் உயிரை. அதை வாளி வாளியாக வளர்ப்பவர் அக்கா. அவருக்கு அது ‘பூச்சி’. "என்ட பூச்சிகளுக்கு இண்டைக்கு மனசு சரியில்ல மிஸ்" என்று வந்து நிற்பார். போய் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உண்மையாகவே சரியிருக்காது. வெள்ளிக்கிழமை நான் இல்லாத பகலில் குஞ்சுத் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுவதும் அவர்தான். அவருக்கு லீவு ஞாயிறு.

இன்னொருவர் காக்கா; எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். ஐம்பது வயது தாண்டியவர். முன்பு இயந்திரப் படகுகளுக்கு எஞ்சின் பார்த்தவர். பம்பு, ஜெனரேட்டர், காற்றுக் குழாய், கடல் தண்ணீர் எல்லாம் அவர் கையில். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையோடு அவருடைய பகல் வேலை முடியும். மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை.

தண்ணீரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கடல் தண்ணீரை அப்படியே குஞ்சுகளுக்கு விட முடியாது. பெரிய சேமிப்புத் தொட்டி ஒன்றில் நிரப்பி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமிகளைக் கொன்று, ஒன்றரை நாள் காற்றுக் குமிழி விட்டால் குளோரின் மெல்ல வெளியேறிவிடும். பிறகு ஒரு குவளையில் எடுத்துத் துளி மருந்து விட்டுப் பார்ப்போம். மஞ்சளானால் குளோரின் மிச்சமிருக்கிறது. அதை முறிக்க ஓர் உப்புப் போட்ட பின்தான் பாவிக்கலாம். மிச்சத்தோடு விட்டால் குஞ்சின் செவுள் வெந்துவிடும்.

இதற்கான அட்டவணையை நானே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். பெரிய எழுத்து, நீல மை. ஞாயிறு முதல் வெள்ளி பகல் வரை அந்தத் தொட்டித் தண்ணீரால் மாற்ற வேண்டும். பிறகு ஒரு வரி: ‘வெள்ளி இரவு, தொட்டி கழுவி, நிரப்பி, பவுடர் – காக்கா.’ சனி தண்ணீர் மாற்றம் இல்லை. ஞாயிறு காலை துளி மருந்துச் சோதனை, நான்.

முதல் தொகுதி கையைவிட்டுப் போகத் தொடங்கியபோது நான் தண்ணீரைச் சந்தேகித்தேன். தண்ணீரைச் சந்தேகித்தால் காக்காவைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, பேசினைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"காக்கா, வெள்ளி இரவு பவுடர் போட்டீங்களா?"

"போடாம? வெள்ளி இரவு மஃரிப் தொழுதுட்டு வந்து, கழுவி, ரொப்பி, போட்ட. ஏன் மிஸ்?"

"அளவாப் போட்டீங்களா?"

"உங்கட தராசு, உங்கட கரண்டி. கறிக்கு உப்புப் போடுற மாதிரியா நான் போடுற?"

ரொட்டிபர் வாளியைக் கலக்கிக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். "காக்கா வெச்ச கறிய ஒருக்காத் திண்டு பாருங்க மிஸ், அவர்ட அளவு தெரியும்."

"நீ சும்மா இரி புள்ள. உன்ட பூச்சி அழுகுது, பாலக் குடு."

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. குற்றமில்லாத ஆள் கொஞ்சம் கோபப்படுவார் என்று நினைத்தேன். அன்றைக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் தொடங்கினேன். தலைப்பில் ‘கா’ என்று மட்டும் எழுதினேன். இரண்டு வாரத்தில் அது இப்படி வளர்ந்தது:

1. சனி காலை தொட்டியில் பவுடர் மணம் இல்லை. முந்தின இரவு போட்டிருந்தால் மூக்கைத் துளைக்க வேண்டும்.
2. ஞாயிறு காலை தொட்டி ஒரு சாண் குறைவு. நிரப்பியதாகச் சொல்கிறார்.
3. ஞாயிறு காலை துளி மருந்து விட்டால் மஞ்சளே இல்லை. கொஞ்சமாவது இருக்க வேண்டும்.
4. ஆனால் பவுடர் வாளி மட்டும் ஒழுங்காகக் குறைகிறது.
5. வெறும் பவுடர் வாளிகள் அவருடைய மகளின் வீட்டு வாசலில் நிற்கின்றன.
6. போன் வந்தால் கடல் பக்கம் போய்க் கதைக்கிறார். என்னைக் கண்டால் நிறுத்துகிறார்.

எழுதி முடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே திசையில் கை காட்டின. பவுடரை எடுத்து யாருக்கோ கொடுக்கிறார். தொட்டியைக் கழுவுவதும் இல்லை, ஒழுங்காக நிரப்புவதும் இல்லை. கிருமியோடு இருக்கும் தண்ணீர் குஞ்சுகளுக்குப் போகிறது. ஏன் சனிக்கிழமை மட்டும் சாகின்றன என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்தும் அதை ஏழாவது இடத்தில் எழுதவில்லை. பட்டியல் அழகாக இருந்தது, கெடுக்க மனம் வரவில்லை.

அக்காவிடம் ஒருநாள் மெதுவாகக் கேட்டேன், வெள்ளிக்கிழமைகளில் ஏதும் வித்தியாசமாகக் காண்கிறீர்களா என்று.

"வித்தியாசம் எண்டா? வெள்ளிக்கிழம எல்லாம் துப்பரவா இரிக்கும் மிஸ். தொட்டியும் ரொம்பித்தான் இரிக்கும். கொஞ்சம் பவுடர் மணம் வரும். நிலம் கழுவுறதானே."

உண்மைதான். வெள்ளி காலையில் கொட்டகை நிலத்தைப் பவுடர் தண்ணீரால் கழுவுவது வழக்கம். நிலம் என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். தொட்டி நிரம்பியிருந்ததை எழுதவேயில்லை. ஒரு கிழமை முழுதும் இறைத்த தொட்டி வெள்ளி காலை எப்படி நிரம்பியிருக்கும் என்று கேட்க, நான்கு வருடம் படித்த எனக்குத் தோன்றவில்லை. நான் காக்காவுக்கு எதிரானதை மட்டுமே சேர்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தொகுதியில் மிஞ்சியவற்றை ஒரு வாளியில் அடக்கலாம். இரண்டாம் தொகுதிக்கு நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். பவுடரில் அவர் பாதி எடுத்தாலும் மீதி போதுமானதாக இருக்கட்டும் என்று அட்டவணையில் அளவை இரண்டு மடங்காக்கினேன். காக்கா வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு மடங்கா மிஸ்? கூடிப்போகாதா?"

"போடுங்க காக்கா. எழுதினபடி போடுங்க."

"நீங்க படிச்ச ஆக்கள். நமக்கென்ன."

அந்தச் சனிக்கிழமை பேசினில் எண்ணவில்லை. எண்ணத் தேவையிருக்கவில்லை. மூன்று தொட்டிகளிலும் தண்ணீர் சும்மா தண்ணீராக நின்றது. விளக்கைக் காட்டினால் ஓடி வந்து கூடும் கறுப்புப் புள்ளிகள் ஒன்றும் வரவில்லை. அக்கா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "என்ட கையாலதானே நேத்துத் தண்ணி மாத்தின" என்று சொல்லி அழுதார். காக்கா காற்றுக் குழாய்களை ஒவ்வொன்றாக மூடினார். அதையும் நான் அவர் கணக்கில்தான் சேர்த்தேன்.

ஹாஜியார் வந்தார். காலியான தொட்டிகளைச் சுற்றி நடந்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாதபோதுதான் பயம்.

"மகள், நான் இரும்புக்கடக்காரன். எனக்கு மீன்ட மொழி தெரியா. மனுசன்ட மொழி தெரியும். இது தானாச் சாகல்ல, என்ன?"

"இல்ல ஹாஜியார்."

"ஆள் இரிக்கா?"

"ஒருத்தரில சந்தேகம். இன்னும் உறுதியில்ல."

"அடுத்த முட்டை வருது. இதான் கடைசி. இதுவும் போனா இந்தக் கொட்டகையில சீமெந்து அடுக்கிடுவன், விளங்குதா? உனக்கு அதுக்குள்ள உறுதியாகணும். இன்னும் ரெண்டு கிழமையில ஒரு சனிக்கிழம வாறன். பேரச் சொல்ற. அண்டைக்கே நான் அவன அனுப்புற. ஆரா இருந்தாலும் சரி."

ஆராக இருந்தாலும் என்று சொன்னாலும், அவர் கண் பம்பு அறைப் பக்கம் போய் வந்தது. அங்கே இருப்பது ஒருவர்தான்.

அன்று மாலை புறப்படும்போது அக்கா என் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மிஸ், கொப்பிய மேசையில விரிச்சு வெச்சிட்டுப் போறீங்க."

"பாத்தீங்களா?"

"நான் மட்டுமில்ல." பம்பு அறைப் பக்கம் பார்த்துவிட்டு, "இந்த வேல போனா அந்த வீட்டுக்குக் கூர ஏறா. மாப்பிள வீட்டார் நோம்புக்கு முந்தி எண்டு நிக்கிறாங்க. நீங்க சரியாத்தான் எழுதியிரிப்பீங்க. சரியா எண்டு ஒருக்காப் பாத்துக்கங்க, அவ்வளவுதான்" என்றார்.

சரியா என்று பார்க்கும் வாய்ப்பு எனக்குத் தானாகவே கிடைத்தது, அல்லது கிடைத்ததாக நினைத்தேன். மூன்றாம் தொகுதி முட்டைகள் வருவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம் உம்மாவோடு கல்முனைக்குத் துணி எடுக்கப் போனேன். திரும்பும்போது சூரியன் விழுந்து மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். காக்கா மகளின் வீடு இருக்கும் ஒழுங்கையால் வந்தோம். அவர் அங்கே நின்றார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவர் மேல் ஏறி, கூரைக்கு மரம் வைக்கும் இடத்தை அளந்துகொண்டிருந்தார். கீழே நிற்பவரோடு சிரித்துக் கதைத்தார். பள்ளிவாசலுக்கும் போகவில்லை, பண்ணைக்கும் போகவில்லை.

அடுத்த நாள் காலை ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"வெள்ளி இரவு தொட்டி கழுவினீங்களா காக்கா?"

"ஓம் மிஸ். மஃரிபுக்குப் பிறகு. பவுடர் போடல்ல, முட்டை வரல்லதானே. கழுவித்தான் வெச்ச."

தொட்டி கழுவியிருந்தது, காய்ந்திருந்தது. ஒரு இரவில் அவ்வளவு காயுமா என்று தொட்டுப் பார்த்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன். ஒரு இமையும் அசையவில்லை. பட்டியலில் ஏழாவதாக எழுதினேன்: ‘வெள்ளி மஃரிப் நேரம் மகளின் வீட்டுச் சுவரில் நின்றார். நேரில் கண்டேன். பொய் சொல்கிறார்.’ பொய் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் தீர்ந்தபோது வர வேண்டிய நிம்மதியும் இல்லை. அவர் என்னோடு முன்போல் பகிடி பேசுவதை நிறுத்தியிருந்தார். தேநீர் கொண்டு வந்தால் மேசையில் வைத்துவிட்டுப் போவார். நான் குடிக்குமுன் குவளையை ஒரு தடவை மணந்து பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

முட்டைகள் திங்கட்கிழமை வந்தன, அன்றிரவே பொரித்தன. வியாழனுக்குள் வாய் திறந்து, அக்காவின் பூச்சிகளைத் தின்னத் தொடங்கியிருந்தன. அந்த வாரத்துக்கு வேண்டிய தண்ணீரை ஞாயிற்றுக்கிழமை நானே நின்று சேமிப்புத் தொட்டியில் செய்து வைத்தேன். முதல் தண்ணீர் மாற்றம் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை ஹாஜியார் வருகிறார்.

வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வந்து, பெயரை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஏழு காரணங்களையும் நல்ல எழுத்தில் வேறு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். வாயால் சொன்னால் குரல் நடுங்கும், தாளைக் கொடுத்துவிட்டு நிற்கலாம் என்பது திட்டம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு வந்து மறுபடி பேனையை எடுத்தேன்.

உம்மா சாம்பிராணிச் சட்டியோடு அறை அறையாக வந்தார். என் கதவில் நின்றார்.

"வெள்ளிக்கிழம இரவு, கொப்பியும் பேனையுமா இரிக்கா. எழும்பி யாசீன் ஓதுகா."

"இண்டைக்கு வியாழன் உம்மா."

"வியாழன் மஃரிபோட போயிட்டு. படிச்சுப் படிச்சு நாளும் மறந்திட்டா இவளுக்கு" என்று சொல்லிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

புகை கொஞ்ச நேரம் கதவில் நின்றது.

நான் பிறந்த வீட்டில் இரவுதான் முதலில் வரும். பகல் அதன் பின்னால் வரும். வியாழன் சூரியன் விழுந்தால் வெள்ளி தொடங்கிவிடும். வெள்ளி இரவு என்றால் எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் அது வியாழன் பின்னேரத்துக்குப் பிந்தின இரவு. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். நான்கு வருடம் விடுதியில், நள்ளிரவில் திகதி மாறும் பதிவேடுகளோடு இருந்துவிட்டு வந்து, வீட்டில் ஒரு கணக்கும் பண்ணையில் இன்னொரு கணக்குமாக இருந்திருக்கிறேன். இரண்டும் ஒரே சொல்லில் இருப்பது எனக்குத் தெரியவில்லை. நீல மையில், பெரிய எழுத்தில், அந்தச் சொல்லை எழுதியவள் நான்.

தாளை எடுத்து ஒவ்வொரு காரணமாக மறுபடி வாசித்தேன். வியாழன் இரவு பவுடர் போட்டால் சனி காலை மணம் இருக்காது. வெள்ளி பகல் அக்கா அதிலிருந்து எடுத்தால் ஞாயிறு ஒரு சாண் குறையும். ஞாயிறு மஞ்சள் வராது. வாளி ஒழுங்காகக் குறையும். வெள்ளி மஃரிபுக்கு ஆள் மகளின் வீட்டுச் சுவரில் நிற்கலாம், முந்தின இரவே வேலை முடிந்துவிட்டது. வெள்ளி பகலில் தொட்டியில் இருப்பது பழைய, பயமில்லாத தண்ணீர் என்று நம்பி, துளி மருந்து விட்டுப் பாருங்கள் என்று அக்காவிடம் நான் சொல்லவில்லை. இரண்டு மடங்கு போடச் சொன்னதும் நான்.

காக்காவுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. உம்மா கேட்பதற்குள் ஸ்கூட்டியை வெளியே எடுத்துவிட்டேன்.

பண்ணைக் கதவில் நிற்கும்போதே மணம் மூக்கில் அடித்தது. கொட்டகையில் ஒரு மின்குமிழ் எரிந்தது. காக்கா தொட்டியின் ஏணியில் நின்று நீளக் கம்பால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். வாய் மெல்ல அசைந்தது. வெள்ளி இரவுகளில் ஓதும் குர்ஆன் அத்தியாயம் யாசீனை ஓதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓதுவதை நிறுத்தாமல், கையால் பொறு என்று காட்டி, முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

"என்ன மிஸ், இந்த நேரம்? பிடிக்க வந்தீங்களா?"

"காக்கா, இண்டைக்கு என்ன இரவு?"

"வெள்ளி இரவு."

"நாளைக்கு இரவு?"

"சனி இரவு." காய்ச்சல்காரியைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார். "ஏன்?"

"நான் எழுதினது நாளைக்கு இரவ."

"நாளைக்கு இரவு எண்டா சனி இரவு எண்டெல்லவா எழுதணும்?"

நான் தொட்டியைக் காட்டினேன். அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பவுடர் கரையாத வெள்ளை இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சின் பார்த்த ஆள், கணக்கை என்னைவிட வேகமாகப் போட்டார்.

"நாளைக்குக் காலையில அவ இதிலதான் எடுப்பா."

"ஓம்."

"இவ்வளவு நாளும் இதிலதான் எடுத்த."

"ஓம் காக்கா."

ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். "என்ட றப்பே. அவ்வளவையும் நான் என்ட கையால..." என்று சொல்லி நிறுத்தினார். பிறகு, "நல்ல இரவு பாத்துப் போட்டிரிக்கா, படிச்ச புள்ளையெண்டாலும் தீன், மார்க்கம் எல்லாம் இரிக்கி எண்டு என்ட பொஞ்சாதிக்கிட்டயும் சொன்னன் மிஸ்" என்றார்.

சிரிப்பதா என்று தெரியவில்லை. அவரும் சிரிக்கவில்லை. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். "புள்ள, நாளைக்கு தண்ணிய மாத்தாத. தொட்டியத் தொடவே வேணாம். ஓம், மிஸ்தான் சொல்ற. இந்தா, மிஸ்ஸே கதைக்கட்டும்" என்று போனை என்னிடம் நீட்டினார். நான் அதையே திருப்பிச் சொன்னேன். தன் வாயால் சொன்னது மட்டும் போதாது என்று அவர் நினைத்தது அதுதான் முதல் தடவை.

போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு கேட்டார்.

"உங்கட கொப்பியில என்னைத்தானே எழுதின?"

"ஓம்."

"எத்தின இரிக்கி?"

"ஏழு."

"வாசிங்க."

தாள் என் கைப்பையில் இருந்தது. குமிழுக்குக் கீழே நின்று வாசித்தேன். முதல் நான்குக்கும் தலையை மட்டும் ஆட்டினார். வெறும் வாளிகளைச் சொன்னபோது, "சுவருக்குத் தண்ணி அடிக்க ஹாஜியாரிட்டக் கேட்டு எடுத்த" என்றார். போன் விசயத்தைச் சொன்னபோது நெற்றி சுருங்கியது.

"அது உங்கட வேலையில்ல."

ஏழாவதை வாசிக்கும்போது பொய் என்ற சொல்லை விட்டுவிட்டு வாசித்தேன். அவர் கையை நீட்டித் தாளை வாங்கி, தானே வாசித்தார். இரண்டு கோட்டையும் பார்த்தார். மடித்து என்னிடம் தந்தார்.

சனிக்கிழமை காலை பேசினில் எண்ணினேன். சில. வழக்கமான சில. விளக்கைக் காட்டினால் கறுப்புப் புள்ளிகள் புகை போலக் கூடி வந்தன. அக்கா, "பாருங்க மிஸ், கண்ணால சிரிக்குதுகள்" என்றார்.

ஹாஜியார் பத்து மணிக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை.

"சொல்லு. ஆரு?"

"நான்தான் ஹாஜியார்."

சொன்னேன், வரிசையாக. அவர் கேட்டுவிட்டு, சுவருக்குப் போய் அட்டவணையை விரல் வைத்து வாசித்தார்.

"வெள்ளி இரவு. சரியாத்தானே செஞ்சிரிக்கான்?"

"நான் நினைச்சது வெள்ளிக்கிழமைப் பின்னேரம்."

"அப்ப பின்னேரம் எண்டு எழுதுறதுக்கென்ன? கலியாண வீடெண்டு பாவம் பாத்து அவன மறைக்கிறியா?" என்று கேட்டார். கண் மறுபடி பம்பு அறைக்குப் போனது. அப்போது அவரிடமிருந்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். ஆறு வாரம் அதை நான் வைத்திருந்தேன். ஒருவரைக் கள்ளன் என்று முடிவெடுத்த பிறகு, அவன் கள்ளனில்லை என்று சொல்ல வருபவரும் கூட்டாளிதான்.

"ஹாஜியார், ரெண்டு மடங்கு எண்டு எழுதினதும் என்ட கைதான். பாருங்க."

பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பம்பு அறையிலிருந்து காக்கா வெளியே வரவில்லை, கூப்பிடாமல் வர மாட்டார்.

"அப்ப அனுப்ப வேண்டிய ஆள் நீ."

"ஓம்."

"இது விக்கிற பருவம் வரைக்கும் நிக்கட்டும். நிண்டா நீயும் நில்லு. அவனும் நிக்கட்டும்." படியில் இறங்கும்போது திரும்பினார். "தமிழ்ல எழுதத் தெரியாட்டி என்னட்டக் கேளு."

அந்தத் தொகுதி நின்றது. வான் வண்டியில் ஏற்றிய நாளில், பைகளில் குஞ்சுகள் ஒரு திசையில் திரும்பித் திரும்பி நீந்துவதை அக்கா ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்த்தார். காக்காவின் மகளுக்கு நோன்புக்கு முந்தியே கலியாணம் நடந்தது. எனக்கும் சொல்லியிருந்தார்கள். போனேன். கூரை போட்டிருந்தது. வாசலில் அந்தப் பவுடர் வாளிகள் அப்போதும் நின்றன.

இப்போது அட்டவணையில் இரவு என்ற சொல்லே கிடையாது. திகதி, மணி, காலை அல்லது பின்னேரம். அதையும் காக்கா நம்புவதில்லை. வியாழன் நான் புறப்படும் நேரம் வந்து நின்று, "நாளைக்குப் பின்னேரம் எண்டா, ஜும்ஆவுக்குப் பிறகு வாற பின்னேரந்தானே மிஸ்?" என்று கேட்பார். ஓம் என்பேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து எழுதி, என்னிடம் நீட்டுவார். நான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஞாயிறு காலை துளி மருந்துப் போத்தலை எடுத்தால், எங்கிருந்தாலும் வந்துவிடுவார்.

"நீங்க விடுங்க மிஸ். நான் பாக்கன்."

குவளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, மஞ்சள் இருக்கிறதா இல்லையா என்று என் முகத்தைப் பார்க்காமல் பார்ப்பார். போன் வந்தால் இன்னும் கடல் பக்கம்தான் போகிறார். அந்த ஒன்றை மட்டும் என் பட்டியலில் நான் வெட்டவில்லை. அவருடைய கொப்பியின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறதென்று கேட்டதில்லை. கையெழுத்துப் போடும்போது ஒருமுறை பக்கம் தானாகப் புரண்டது. உள்ளங்கையை வைத்து மூடிவிட்டார்.